மஞ்சள் கதவும் எர்மிந்தாவின் வீடும்

எங்கள் தீவில் கம்பெனி எதற்கெல்லாம் பரிசு கொடுக்கிறது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். சால்மன் மீனை முள் நிற்காமல் வேகமாக வகிர்ந்தால் பரிசு. ஒரு வாரம் இருமாமல் வேலைக்கு வந்தால் பரிசு. மேற்பார்வையாளர் கடந்து போகும்போது சிரித்தால் பரிசு, பல் தெரியச் சிரித்தால் கொஞ்சம் கூடுதல். மணிக்கட்டில் மாட்டியிருக்கும் வளை 'டிங்' என்று ஒலிக்கும். என்ன கிடைத்தது என்பதை ஒரு பெண்குரல் தேன் ஒழுகச் சொல்லும். ஒருமுறை எனக்கு வெங்காயம் கிடைத்தது. பாதி அழுகல்தான். ஆனாலும் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? இன்னொரு முறை, ஒரு வாரம் முழுக்க ஒலிபெருக்கியில் என்னை எண்ணைச் சொல்லாமல் ரோசால்பா என்று பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். நம்பினால் நம்புங்கள், அந்த வாரம் நான் கொஞ்சம் அழகாகக்கூட இருந்தேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடி எண்ணாகிவிட்டேன்.

பரிசுகளிலெல்லாம் பெரிய பரிசு மஞ்சள் கதவு. துறைமுகத்து அலுவலகத்தின் பின்பக்கம், மழைக்குப் பாசி பிடித்துக் கிடக்கிற சுவரில், அது மட்டும் வருடா வருடம் புதுச் சாயம் அடித்துக்கொண்டு நிற்கும். ஆயுளில் ஒரு தடவைதான் அது ஒருவருக்குத் திறக்கும். பலருக்குத் திறப்பதே இல்லை. மதியம் உள்ளே போனவர் சாயங்காலம் வெளியே வருவார். என்ன இருந்தது என்று கேட்டால் எல்லோர் வாயிலும் ஒரே பதில், "நல்லா இருந்துச்சு." அதற்கு மேல் கொழுக்கட்டையை அடைத்தது மாதிரி வாய் மூடிக்கொள்ளும். உள்ளே வெந்நீர்க் குளம் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். முழு ஆட்டைச் சுட்டு வைத்திருப்பதாகச் சிலர் சொன்னார்கள். நானோ அடுத்த வீட்டு அடுப்பில் இருக்கும் சட்டியைக்கூட மூடி திறந்து பார்க்கிற பெண்பிள்ளை. எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், என் வீட்டுக்காரன் எலிசெயோவே உள்ளே போய் வந்தவன். ஒரு புயல் நாளில் மீன் கூண்டின் வலை கிழிந்தபோது கடலில் குதித்து, விடியும்வரை தண்ணீரில் கிடந்து அதைக் கட்டியவன் அவன். கம்பெனிக்கு மீன் தப்பியது, அவன் வளை மஞ்சளாக மின்னியது. போனான், வந்தான், "நல்லா இருந்துச்சு" என்றான், பூட்ஸைக் கழற்றினான். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தேன். கல்லுளிமங்கன், அசையவில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குத் தெரியாத ஒன்றை அவன் வைத்திருக்கிறான் என்பது எனக்கு ஆறவே இல்லை.

அந்தப் புயலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் எங்கள் ஒரே மகள் யெசெனியாவை வடக்கே பாலைவனத்தில் இருக்கிற உப்புச் சுரங்கத்துக்குக் கம்பெனி மாற்றியது. ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்கு வரக் கூடாது. முடிகிற சமயத்தில் ஒப்பந்தம் தானாகவே நீண்டுகொள்ளும். எப்போதாவது நான் நன்றாக மீன் வகிர்ந்தால் அவள் குரல் எனக்குப் பரிசாகக் கிடைக்கும். "அங்க மழை பெய்யுதாம்மா?" என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்பாள். எங்கள் ஊரில் எப்போது பெய்யாமல் இருந்தது? ஆனாலும் ஜன்னலைத் திறந்து அவளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பேன். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

பரிசைப் பற்றி ஒரு சட்டம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலைக்குப் பரிசு வாங்கிக்கொண்டால் அது கம்பெனி வேலை. கம்பெனி வேலையில் உண்டானது எதுவானாலும் கம்பெனிக்குச் சொந்தம். எலிசெயோ ஓய்வு நேரத்தில் தனக்கென்று ஒரு படகு கட்டினான். கடைசி ஆணி அடித்தபோது வளை 'டிங்' என்றது. பாராட்டி ஒரு பை ஆரஞ்சு அனுப்பியிருந்தார்கள். இந்தக் குளிர் ஊரில் ஆரஞ்சைப் பார்த்தே பல காலம் ஆகியிருந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டான். பொழுது சாய்வதற்குள் படகின் மூக்கில் கம்பெனி முத்திரை ஏறிவிட்டது. இன்றைக்கும் அதே படகை அவன்தான் ஓட்டுகிறான், கம்பெனியின் கூலிக்காரனாக.

பக்கத்து வீட்டு எர்மிந்தா அக்கா எங்கள் யெசெனியாவுக்கு ஞானத்தாய். கடற்கரையை ஒட்டிய அவள் வீட்டை அவளும் செத்துப்போன புருஷனும் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டினார்கள். மனை கம்பெனியுடையது, வீடு அவளுடையது. அந்தக் கரையில் புது மீன் கூண்டுகள் வரப்போகின்றன, மாதக் கடைசிக்குப் பிறகும் வீடு அங்கே இருந்தால் அதுவும் கம்பெனிக்கே சேரும் என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்தால் பிரித்து விறகாக்குவார்கள். எர்மிந்தாவுக்குக் கால்வாய்க்கு எதிர்க்கரைத் தீவில் தாய்வழியில் வந்த ஒரு சரிவு நிலம் இருந்தது. அங்கே கம்பெனியின் கை இன்னும் நீளவில்லை. வீடு அங்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு அது புதிதில்லை. எங்கள் சிலோயே தீவில் வீடுகள் காலங்காலமாக நடந்திருக்கின்றன, நீந்தியும் இருக்கின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி ஊர் கூடி வீட்டை இழுப்போம். மிங்கா என்று அதற்குப் பெயர். மிங்காவுக்குக் கூலி கிடையாது. வீட்டுக்குரியவர் ஒவ்வொரு வாசலுக்கும் தானே போய், நின்றபடி கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் மறுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் வயிறு நிறையச் சோறு போடுவார்கள். நாளைக்கு உனக்கு ஒரு தேவை வந்தால் நீ போய்க் கேட்கலாம். ஆனால் கம்பெனி வந்த பிறகு அப்படி ஒரு மிங்கா நடக்கவே இல்லை. எல்லாக் கையிலும் வளை இருக்கிறதே, அது சும்மா இருக்குமா என்ற பயம்.

எர்மிந்தா அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றபோது என்னை முந்திக்கொண்டு எலிசெயோ "சரி" என்றான். வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன், அதில் ஒன்றை அவளுக்குச் செலவழித்தான். அடுத்த வீட்டு நொல்பெர்த்தோவும் சரி என்றான். அவனிடம் ஒரு ஜோடி மாடு இருந்தது. அப்படியே வீடு வீடாகத் தெரு முழுக்கச் சரி என்றது. யார் கையில் எந்த வளை மின்னினாலும் எதையும் வாங்கக் கூடாது, ஒருவர் வாங்கினாலும் மொத்த வேலையும் கம்பெனி வேலையாகிவிடும், வீடு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் எச்சரிக்கை சொல்லவில்லை. மிங்காவில் ஒருவரை ஒருவர் அதட்டுவது வழக்கமில்லை.

விடுமுறை நாளில் வேலையைத் தொடங்கினோம். அடுப்பையும் கட்டிலையும் வெளியே எடுத்து, ஜன்னல்களுக்குக் குறுக்குச் சட்டம் அடித்து, வீட்டை நெம்பி இரண்டு நீளமான மரத்தடிகள் மேல் உட்கார வைத்தார்கள். கயிறு கட்டி, முன்னால் மாடுகளைப் பூட்டினார்கள். கூவுவது என் வேலை. இந்தக் கரையில் என் தொண்டைக்கு மிஞ்சிய தொண்டை கிடையாது. நான் கூவினால் மாடும் ஆளும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். முதல் கூவலுக்கு வீடு முனகியது. இரண்டாவதற்கு ஒரு குலுக்கல். மூன்றாவதற்கு எர்மிந்தாவின் வீடு, ஜன்னலில் திரைச்சீலை ஆட, சேற்றில் வழுக்கிக்கொண்டு கடலைப் பார்த்துக் கிளம்பியது. எல்லோர் வளைகளும் 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்தன. தேன்குரல் வெந்நீர் தருகிறேன் என்றது, கம்பளி தருகிறேன் என்றது. யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நொல்பெர்த்தோ மட்டும் தன் வளையைப் பார்த்து, "உனக்கு வேணும்னா நீயே போத்திக்க" என்றான்.

நீர் வற்றியிருந்த கரையில் வீட்டை நிறுத்தி, சுற்றிலும் காலி பீப்பாய்களைக் கட்டி, கடல் நீர் ஏறட்டும் என்று காத்திருந்தோம். அப்போதுதான் கம்பெனிப் படகில் பாஸ்தியான் வந்து இறங்கினான். எங்கள் பகுதிக்கு அவன்தான் அதிகாரி. சந்தியாகோ நகரத்திலிருந்து வந்தவன், சின்ன வயது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், அதற்கும் வழியில்லாமல் நல்ல பையனாக இருந்து தொலைத்தான். எங்கள் பழக்கவழக்கங்களை மதிக்க வேண்டுமென்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் நாங்கள் விருந்தாளிக்குக் கொடுக்கிற மாத்தே என்ற இலைக் கஷாயத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தான். சுரைக்குடுவை, வெள்ளிக் குழல், பச்சை இலையின் மணம், ஆவி பறக்கிற வெந்நீர்க் கெண்டி, எல்லாம் சரியாக இருந்தது. தன் கையாலேயே ஊற்றி, நேரே என்னிடம் நீட்டினான்.

நான் வாங்கிவிட்டேன்.

நீட்டியதை மறுப்பது எங்கள் ஊரில் முகத்தில் அறைவது போல. பிறந்ததிலிருந்து என் கை அப்படித்தான் வளர்ந்திருக்கிறது, புத்தி சொல்லுமுன் அது போய்விட்டது. குடுவை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்ததும் என் வளை மஞ்சளாக மின்னியது. இன்னும் குடிக்கவில்லை, குடித்தால்தான் பரிசை ஏற்றதாகக் கணக்கு.

"ரோசால்பா அம்மா, உங்க குரல் இல்லன்னா இந்த வீடு நகர்ந்திருக்காது" என்றான் பாஸ்தியான், உண்மையிலேயே சந்தோஷமாக. "ஒரு வாய் குடிச்சாப் போதும். கதவு உங்களுக்குத் திறந்துடும். படகு காத்துட்டிருக்கு, இப்பவே போகலாம்."

எத்தனையோ பேர் இழுத்தார்கள், என்னை மட்டும் ஏன் தேடி வந்தது? யோசித்தால் புரிகிறது. இத்தனை வருடம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அந்தக் கதவைப் பற்றி நான் கேட்டுத் தொலைத்தது அத்தனையும் இந்த வளையின் காதில் விழுந்துதானே இருக்கும். குடிக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வீடு போனால் போகட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஒரே ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? எர்மிந்தா அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. ஒரு தடவை வாசலில் வந்து கேட்டாகிவிட்டது, மறுபடி கேட்பது முறையில்லை. எலிசெயோவைப் பார்த்தேன். அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு என் கையில் இருந்த குடுவையையே பார்த்தான். அவன் உதடு அசைந்தது போலிருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

குடிக்கவும் முடியாது, திருப்பிக் கொடுத்தாலும் மரியாதை இல்லை, கொட்டினால் பாவம். ஆவி என் மூக்கில் ஏறியது. அந்த மணத்தில்தான் எனக்கு உறைத்தது. மாத்தேயில் முதல் குடுவை விருந்தாளிக்குப் போகாது. முதல் ஊற்று கசக்கும், சூடு நாக்கைச் சுடும். அதனால் ஊற்றுகிறவர் தான் முதலில் குடித்துவிட்டு, இரண்டாவதைத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார். எங்கள் குழந்தைகளுக்கே தெரியும். காப்பி குடித்து வளர்ந்த பாஸ்தியானுக்கு அதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

"தம்பி, எங்க பழக்கப்படி செய்யணும்னுதானே வந்திருக்க?" என்றேன். "மொத வாய் ஊத்துனவன் குடிக்கணும். இல்லன்னா வெஷம் வெச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்பா. ஊரே பாக்குது."

அவன் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டான், தெரியாமல் போயிற்று என்றான். இரண்டு கையாலும் குடுவையை வாங்கி, குழல் சத்தம் போடும்வரை உறிஞ்சிக் குடித்தான். என் வளை அணைந்தது. அவன் கையில் இருந்த, அதிகாரிகள் மாட்டுகிற நீல வளை மஞ்சளாகிவிட்டது. கதவு தனக்குத் திறந்திருப்பதாக அந்தக் குரல் சொன்னபோது அவன் திருதிருவென்று விழித்தான். கயிற்றில் அவன் கை வைக்கவில்லை, மாட்டை ஓட்டவில்லை, அதனால் அவன் பரிசைக் காட்டி வீட்டைக் கேட்கவும் வழியில்லை. எந்த வேலைக்காக அந்தப் பரிசு என்று வளைக்கே தெரியாது போலிருந்தது. ஆனால் அழைப்பு வந்தால் அதிகாரியானாலும் போக வேண்டும். காத்திருந்த படகில் ஏறிப் போனான். நொல்பெர்த்தோ தொப்பியைக் கழற்றி வழியனுப்பி வைத்தான். சிரிப்பு கரை முழுக்கப் பரவியது, நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் படகு போன திசையைப் பார்த்தேன். ஆயுளுக்கு ஒரு தடவை வருவது வந்தது, நானே எடுத்து இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டேன்.

கடல் நீர் ஏறி வீட்டைத் தூக்கியது. படகுகள் கயிறு கட்டி இழுக்க, எர்மிந்தாவின் வீடு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி கால்வாயைக் கடந்தது. எதிர்க்கரையில் தீவுக்காரர்களின் மாடுகள் காத்திருந்தன. நீர் வடிந்ததும் மறுபடி கூவினேன், குரல் போகும்வரை கூவினேன். வீடு சரிவேறி, அவள் தாய் நிலத்தில் போய் உட்கார்ந்தது. எர்மிந்தா அக்கா கதவைத் திறந்து உள்ளே போய், ஒரு தடவை நடந்து பார்த்து, வெளியே வந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டினாள். சிப்பியும் பன்றி இறைச்சியும் பெரிய சட்டியில் வெந்தன, உருளைக்கிழங்கு ரொட்டி எண்ணெயில் பொரிந்தது.

நானும் எலிசெயோவும் வீட்டின் பின்பக்கம் பீப்பாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். பாஸ்தியான் இந்நேரம் உள்ளே எதைப் பார்த்துக்கொண்டிருப்பானோ, வெந்நீர்க் குளமோ, சுட்ட ஆடோ என்று நான் புலம்பினேன்.

"அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, ரோசா" என்றான் எலிசெயோ.

கயிறு என் கையிலிருந்து நழுவியது. அவன் பீப்பாயைப் பார்த்தே பேசினான். சின்ன அறையாம். ஒரு நாற்காலி, கதகதப்பான காற்று. உங்களுக்கு என்ன வேண்டும், எதுவானாலும் கேளுங்கள், ஒன்றே ஒன்று என்று அந்தக் குரல் கேட்குமாம். கேட்டது கிடைத்துவிடுமாம். ஏமாற்று இல்லை.

"நீ என்னய்யா கேட்ட?"

"தூக்கம்." பீப்பாயின் முடிச்சை அவிழ்த்தான். "ராத்திரி பூரா தண்ணில கெடந்தவன். வேற ஒண்ணும் தோணல. தூங்கணும்னேன். மெத்தை போட்டாங்க, தூங்குனேன். வெளிய வந்து படில கால் வெக்கிறப்பதான் யெசெனியா ஞாபகம் வந்துச்சு. திரும்பப் போய்த் தட்டுனேன். அது ரெண்டாந்தரம் தெறக்காது."

போய் வந்தவர்கள் எல்லோரும் ஏன் அந்த ஒரே பதிலைச் சொன்னார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஒருவர் காலுறை கேட்டிருப்பார், ஒருவர் சூடான சோறு கேட்டிருப்பார். வெளியே வந்த பிறகுதான் கேட்க வேண்டியது எது என்று தெரிந்திருக்கும். இத்தனை வருடம் அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்த நானும், எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிறகுதான் கோபம் வந்தது, கண் மண் தெரியாத கோபம். "என் கையில அந்தக் குடுவ இருந்தப்ப நீ பாத்துட்டுத்தானேய்யா நின்ன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் குடிச்சிருப்பேனே. பொண்ணு வந்திருப்பாளே."

"குடிச்சிருப்பே" என்றான். "அதனாலதான் சொல்லல." அவன் கண் கலங்கியிருந்தது. "எர்மிந்தா வாசல்ல வந்து நின்னப்ப சரின்னு சொன்னது நான்தானே."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து, பீப்பாயிலிருந்து கையில் ஒட்டிய தாரைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வீட்டின் முன்பக்கம் போனேன். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எர்மிந்தா அக்கா சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். எனக்குத் தட்டு நீட்டினாள். வாங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, நீட்டியதை வாங்காமல் அவள் எதிரில் நேராக நின்றேன்.

"அக்கா, நான் கேக்க வந்திருக்கேன்" என்றேன். தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாகத்தான் வந்தது. "வடக்க இருந்து என் பொண்ண இழுத்துட்டு வரணும்."

நொல்பெர்த்தோ தட்டைக் கீழே வைத்தான். பாலைவனம் எவ்வளவு தூரம் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எர்மிந்தா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்போ?" என்று கேட்டாள்.